இருநூறு சமம் இருநூறு

ஆலை லேபில் புதிதாகச் சேரும் கெமிஸ்ட்டுகளுக்காக இதை எழுதுகிறேன். கோபப்படாமல் எழுதச் சொல்லியிருக்கிறாள் என் மனைவி. முயன்று பார்க்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் இந்த ஒரு விஷயம் எனக்கு ஆறவே இல்லை.

சூளை நின்ற காலை

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலை. பெயர் வேண்டாம். அங்கே நான் சீனியர் கெமிஸ்ட். ஐப்பசி மழை விட்டு நல்ல வெயில் அடிக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு காலை, சூளைக்குள் வளையம் கட்டிவிட்டது என்று நிறுத்தினார்கள். பொருள் உருகி உள்சுவரில் வட்டமாக ஒட்டிக்கொள்வதைத்தான் வளையம் என்போம். ஒட்டியதைச் சுரண்டி எடுக்காமல் சூளையை ஓட்ட முடியாது. சூளை நின்றால் ஆலையே நின்ற மாதிரி. தலைமை அலுவலகத்திலிருந்து போன் மேல் போன்.

காலைக் கூட்டத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் முரளிதரன் எழுந்தார். கையில் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் இருந்தது.

"மிக்ஸ்ல பிரச்சனை இல்ல. கண்ட்ரோல் ரூம் பேனல்ல எல்லாம் கரெக்டா இருக்கு. லேப்புக்கு வர சாம்பிள்தான் தப்பு. அந்த லேடி கீழ சிந்திக் கெடக்கறத அள்ளிட்டு வந்து குடுக்குது. அந்த ரிசல்ட்ட நம்பி நான் எப்படி மிக்ஸை மாத்தறது?"

சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆடத் தெரியாதவள் தெருக் கோணல் என்றாளாம். இவர் தெருவைக்கூடச் சொல்லவில்லை, தெருவைக் கூட்டுகிறவளைச் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டம் முடிந்துவிட்டது. அன்றே காண்ட்ராக்டரிடம் சொல்லி, சாம்பிள் கொண்டு வரும் செல்வராணியின் கேட் பாஸை ரத்து செய்துவிட்டார்கள். அதையும் ஷிப்ட் மாறும் நேரத்தில், டைம் ஆபீஸ் வாசலில், காண்ட்ராக்ட் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது முரளிதரனே வந்து சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். "இந்தப் பொம்பளையால சூளையே நின்னு போச்சு" என்றாராம்.

சூடான டப்பா

புதியவர்களுக்கு விளங்கும்படி வேலையைச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் கல்லை அரைத்து மாவாக்கி, அந்த மாவைச் சூளையில் சுட்டால் கிளிங்கர். அதை அரைத்தால் சிமெண்ட். எங்கள் சுரங்கத்தில் இரண்டு தரக் கல் வரும். ஹை கிரேடு என்பது நல்ல கல், கார்பனேட் எண்பத்தெட்டு சதவீதம். லோ கிரேடு என்பது மண் கலந்தது, எழுபத்திரண்டு. மாவில் எங்களுக்கு வேண்டியது எண்பது. அதனால் இரண்டையும் பாதிக்குப் பாதி விட வேண்டும். மில்லுக்கு மணிக்கு இருநூறு டன் போகும். அதில் நூறு அது, நூறு இது. ஒவ்வொரு தரத்தையும் எடை போட்டு அனுப்பும் பெல்ட்டை ஃபீடர் என்போம். ஈரத்துக்குக் கழிப்பது அது இது என்று இன்னும் உண்டு. இங்கே சுலபமாகப் புரிவதற்காக அதை விட்டு, எண்ணையும் முழுசாக்கி எழுதுகிறேன்.

மில்லிலிருந்து மாவு வெளியே வரும் இடத்தில் ஒவ்வொரு மணிக்கும் சாம்பிள் எடுத்து, டப்பாவில் அடைத்து லேபுக்குக் கொண்டு வருவது செல்வராணியின் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கும். மாடி மாடியாக இரும்புப் படி ஏறி இறங்க வேண்டும். நான் அந்தக் காலத்தில் இரண்டு தடவை ஏறினாலே மூச்சு வாங்கும்.

சில நாட்களாகவே அவள் கொண்டு வந்த மாவில் எண்பது வரவில்லை, எழுபத்தெட்டுதான் வந்தது. இரண்டு சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். சுண்ணாம்பு குறைந்தால் மாவு சீக்கிரம் உருகும், உருகினால் ஒட்டும். மாவைச் சோதிக்கும் எக்ஸ்ரே மிஷினும் எழுபத்தெட்டு, நான் கையால் செய்த டைட்ரேஷனும் எழுபத்தெட்டு. ஒவ்வொரு முறையும் கண்ட்ரோல் ரூமுக்குச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் "சாம்பிள் சரியில்ல சார், அடுத்தது அனுப்புங்க" என்றே பதில் வந்தது. எச்சரித்த லேபைக் கேட்கவில்லை. சூளை நின்றதும் அந்த எச்சரிக்கையைச் சுமந்து வந்தவளை வெளியே தள்ளினார்கள்.

நான் கேட்டுக்குப் போனபோது செல்வராணி போகாமல் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அழுவாள் என்று நினைத்துப் போனேன். அவள் என்னைவிடக் கோபமாக இருந்தாள்.

"தங்கராசு சார், நீங்களே சொல்லுங்க. கீழ கெடக்குற தூளு ஆறிப்போயில்ல கெடக்கும்? நான் கொண்டாந்து வெச்ச டப்பா என்னைக்காச்சும் ஆறி இருந்துச்சா?"

இல்லை. மில்லிலிருந்து வரும் மாவு கை வைக்க முடியாத சூடு. அவள் டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றித்தான் கொண்டு வருவாள். என் மேஜையில் விரித்திருந்த ரெக்சினில் அந்த டப்பா வைத்து வைத்தே ஒரு வட்டம் பொசுங்கிப் போயிருந்தது.

"இல்லம்மா. சூடாத்தான் இருக்கும்."

"அப்ப அத அங்க சொல்றதுக்கென்ன? எங்க மாமனாரு பருத்தி போட்டுட்டிருந்த மூணு ஏக்கர் கொல்லைய ஆலைக்குக் குடுத்துட்டுத்தான் வூட்டுக்கு ஒரு வேலைன்னு இந்தப் பாசு வாங்குனோம். அந்தக் கொல்ல இப்ப சுரங்கப் பள்ளமாக் கெடக்கு. பாசும் போச்சுன்னா எங்களுக்கு என்ன சார் இருக்கு? அதுவும் திருட்டு வேல பாத்தவன்னு பேரோட."

அங்கே போய்ச் சொல்வதற்கு என் கையில் அப்போது ஆதாரம் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் வகுப்புக் கணக்கு

நேராக மில்லுக்குப் போனேன். படி ஏறி, அவள் எடுக்கும் அதே இடத்தில் நானே மாவு எடுத்தேன். இரண்டு குவியலிலிருந்தும் நானே கல் எடுத்தேன். சூளை நின்றிருந்தாலும் மில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எடுக்க முடிந்தது. லேபுக்கு வந்து அமிலம் விட்டுக் காய்ச்சி, ஆற வைத்து, ப்யூரெட்டைத் திறந்தேன். இளஞ்சிவப்பு வந்து நின்ற இடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். ஹை கிரேடு எண்பத்தெட்டு, லோ கிரேடு எழுபத்திரண்டு, மாவு எழுபத்தெட்டு.

செல்வராணி எடுத்தாலும் நான் எடுத்தாலும் எழுபத்தெட்டுதான்.

அப்படியென்றால் கல் பாதிக்குப் பாதி போகவில்லை. எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிக்க ஒன்பதாம் வகுப்பில் படித்த பிரதியிடல் முறை போதும். ஹை கிரேடு x டன், லோ கிரேடு y டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மில்லுக்குப் போகும் மொத்தம் இருநூறு.

x + y = 200

கார்பனேட் கணக்கு இரண்டாவது.

88x + 72y = 78 × 200 = 15600

முதல் சமன்பாட்டிலிருந்து x = 200 − y. அதைக் கொண்டுபோய் இரண்டாவதில் போடுங்கள். 88(200 − y) + 72y = 15600. அதாவது 17600 − 16y = 15600. y = 125. அப்போது x = 75.

லோ கிரேடு நூறு டன் போகவேண்டிய இடத்தில் நூற்றிருபத்தைந்து போய்க்கொண்டிருந்தது. ஹை கிரேடு எழுபத்தைந்துதான். வளையம் கட்டாமல் வேறென்ன கட்டும்?

தாளை எடுத்துக்கொண்டு கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். ஏசி குளிரில் முரளிதரன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், லோ கிரேடு ஃபீடர் தப்பாக் காட்டுது. இருபத்தஞ்சு டன் கூடப் போவுது."

அவர் தாளை வாங்கவே இல்லை. திரையைக் காட்டினார்.

"பேனலைப் பாருங்க. லோ கிரேடு நூறு, ஹை கிரேடு நூறு. கூட்டினா இருநூறு. ரெண்டும் சேந்து போற காமன் பெல்ட்லயும் எடை இருநூறு. டேலி ஆகுதுல்ல? அப்புறம் என்ன?"

"நானே மாவு எடுத்தேன் சார். எழுபத்தெட்டுதான் வருது."

"நீங்களும் அதே எடத்துலதான எடுத்தீங்க? அந்த எடமே சரியில்லாம இருக்கும்."

ஆள் சரியில்லை என்றார். ஆள் மாறியதும் இடம் சரியில்லை என்கிறார். நான் இடம் மாற்றி எடுத்திருந்தால் மாவே சரியில்லை என்றிருப்பார். அங்கே கத்தியிருப்பேன். எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்ட்ருமெண்ட் டெக்னீஷியன் ஜமால் பாய் கண்ணால் வெளியே வரச் சொன்னதால் தப்பித்தேன்.

ஜமால் பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். பல வருஷம் துபாயில் வேலை பார்த்துவிட்டு, வாப்பாவுக்கு முடியவில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். படிக்கட்டில் நின்று மெதுவாகச் சொன்னார்.

"தங்கராசு சார், ஹை கிரேடு நூறு காட்டுதே, அது எடை போட்ட நூறு இல்ல."

"பின்ன?"

"அந்த ஃபீடர்ல எடை பாக்குற லோடு செல் போயி நாளாச்சு. ஸ்பேர் இன்னும் வரல. டோட்டல்லேருந்து லோ கிரேட கழிச்சு வர்றத அங்க காட்டச் சொல்லிட்டாரு முரளி சார். இருநூறுல நூறு போனா நூறு. அதத்தான் காட்டுது."

எனக்கு என் டிரெய்னிகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நான் டிரெய்னிகளை நேர்முகத்துக்குக் கூப்பிடும்போது இந்தக் கலவைக் கணக்கைத்தான் கேட்பேன். பாதிப் பேர் ஒரே தப்பைச் செய்வார்கள். முதல் சமன்பாட்டிலிருந்து x = 200 − y என்று எடுப்பார்கள். எடுத்ததைத் திரும்ப முதல் சமன்பாட்டிலேயே கொண்டுபோய்ப் போடுவார்கள். (200 − y) + y = 200. இருநூறு சமம் இருநூறு என்று வந்து நிற்கும். சரியாக வந்துவிட்டது என்று நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது எப்போதும் சரியாகத்தான் வரும். y நூறாக இருந்தாலும் வரும், நூற்றிருபத்தைந்தாக இருந்தாலும் வரும், பூச்சியமாக இருந்தாலும் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு அடுத்த வருஷம் வரச் சொல்லுவேன்.

அதே தப்பைக் கோடி ரூபாய்த் திரையில் செய்து வைத்துக்கொண்டு, டேலி ஆகிறது என்று ஒரு பெண்ணின் பிழைப்பை எடுத்துவிட்டார் இந்த மனுஷன்.

ஒரு மீட்டர் பெல்ட்

"சரி பாய், லோ கிரேடு ஃபீடர் ஏன் குறைச்சுக் காட்டுது?"

ஜமால் பாய் தலையைச் சொறிந்தார்.

"மழையில பெல்ட்டு பூரா களிமண்ணு அப்பிக் கெடந்துச்சு. மில்லு ஸ்டார்ட் பண்ணணும், உடனே சீரோ அடின்னாரு முரளி சார். பெல்ட்ட கழுவிட்டு அடிக்கலாம் சார்னு சொன்னேன். டைம் இல்ல, அடின்னுட்டாரு. அடிச்சேன்."

இதையும் விளக்கிவிடுகிறேன். காலிப் பெல்ட்டின் எடையை மிஷினுக்குப் பூச்சியம் என்று கற்றுக் கொடுப்பதுதான் சீரோ அடிப்பது. களிமண் ஒட்டியிருக்கும்போது அடித்தால் அந்த மண்ணின் எடையும் பூச்சியத்தில் சேர்ந்துவிடும். வெயில் வந்து மண் காய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த பிறகும் மிஷின் அந்த மண்ணைக் கழித்துக்கொண்டே இருந்தது. அதனால் நூற்றிருபத்தைந்து போனாலும் நூறு என்றது. காய்கறிக் கடையில் தட்டில் ஈரச் சாக்கோடு தராசைச் சரிசெய்துவிட்டு, பிறகு சாக்கை எடுத்துவிட்டு நிறுத்தால் என்ன ஆகும், அதுதான்.

"பெல்ட் கட் எடுப்போமா பாய்?"

"எடுப்போம் சார். அல்லா இருக்கான்."

பெல்ட் கட் என்பது சண்டையைத் தீர்க்கும் வேலை. ஓடும் பெல்ட்டைச் சட்டென்று நிறுத்தி, அதன் மேல் ஒரு மீட்டர் நீளத்தை அளந்து, அதற்குள் இருக்கும் கல்லை ஒரு துகள் விடாமல் அள்ளி எடை போடுவது. இதில் திரை இல்லை, கழித்தல் இல்லை. மில்லை நிறுத்த முரளிதரன் சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அதனால் அவரையும் கூடவே கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. "நீங்க வரலன்னா இந்தத் தாளத் தலைமை அலுவலகத்துக்கு நானே அனுப்புவேன்" என்றேன். வந்தார்.

நானும் ஜமால் பாயும் மண்டியிட்டு அள்ளினோம். முரளிதரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். எடை போட்டோம். பேனல் சொன்னதைவிடக் கால்வாசி அதிகம் இருந்தது. தாளில் நான் போட்டிருந்த கணக்கும் அதைத்தான் சொன்னது.

அவர் எடைக் கருவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு செல்போனைப் பார்த்தார்.

"ஓகே. இன்ஸ்ட்ருமெண்ட் ஃபால்ட். ரெக்டிஃபை பண்ணிடுங்க."

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, வருத்தம் இல்லை. குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதையாக, அடுத்த நாள் ஜமால் பாய்க்கு மெமோ வந்தது. சீரோ தவறாக அடித்ததற்காம். அடி என்று சொன்னவர் கையெழுத்தே அதில் இருந்தது. நான் குதித்தேன். ஜமால் பாய் சிரித்தார்.

"விடுங்க சார். துபாய்லயும் இப்படித்தான். அங்க அரபில திட்டுவான், இங்க இங்கிலீஷ்ல திட்றான்."

எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை. இன்றும் வருவதில்லை.

கேட்டுக்கு வெளியே

செல்வராணி விஷயத்தைக் கேட்டபோது முரளிதரன் பெரிய மனது பண்ணினார்.

"வரச் சொல்லுங்க சார். கன்சிடர் பண்ணி ஒரு சான்ஸ் குடுப்போம்."

அதை அப்படியே அவள் வீட்டில் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது, ஆனால் வேலை திரும்பக் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். அவள் வீட்டுக்காரர் உடனே பைக்கை எடுக்கப் போனார். அவள் கையை நீட்டி அவரைத் தடுத்தாள்.

"சான்ஸா? நான் என்ன தப்பு பண்ணேன் சார், எனக்குச் சான்ஸ் குடுக்க?"

"தப்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சும்மா."

"யாருக்குத் தெரிஞ்சு போச்சு? உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியும். அன்னைக்கு லைன்ல நின்னவங்களுக்குத் தெரியுமா? என் கூட பஸ்ல வர்ற பொம்பளைங்க எடம் குடுக்க மாட்டேங்குதுங்க. எங்க சொன்னாரோ அங்க வந்து சொல்லட்டும். அப்பறம் வரேன்."

"கெடைக்கிற வேலையையும் கெடுத்துக்காத" என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அவள் அசையவில்லை. அடுத்த வேளைச் சோறு அந்தப் பாஸில் இருந்தது என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

நான் திரும்பிப் போய் முரளிதரனிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "ஒரு காண்ட்ராக்ட் லேபர்கிட்ட நான் போய் நிக்கணுமா? மீட்டிங்ல வேணா சொல்றேன்."

அந்தக் கூட்டத்துக்குச் செல்வராணியை ஒருநாளும் விட்டதில்லை. குற்றம் சொல்வது வாசலில், ஒப்புக்கொள்வது மட்டும் கதவை மூடிக்கொண்டா? அன்றைக்குத்தான் நான் கத்தினேன். கண்ட்ரோல் ரூம் முழுக்கக் கேட்டிருக்கும். சூளை நின்றதற்கான அறிக்கையில் லேப் சார்பில் நான் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் அறிக்கை மேலே போகாது. "நீங்க வாசலுக்குப் போயிட்டு வாங்க, அப்பறம் பேனா எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு லேபுக்கு வந்துவிட்டேன். என் பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். எனக்கே பயம்தான்.

அறிக்கை என் கையெழுத்துக்காக நின்றுவிட, மறுநாள் முரளிதரன் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார். ஷிப்ட் மாறும் நேரம். டைம் ஆபீஸ் வாசலில் காண்ட்ராக்ட் ஆட்கள் வரிசை. கேட்டுக்கு வெளியே செல்வராணி, அடையாள அட்டை இல்லாத கழுத்தோடு நின்றாள். முரளிதரன் வந்தார். தரையைப் பார்த்து, தனக்குள் பேசுவதுபோல ஏதோ சொன்னார்.

"கேக்கல சார்" என்றாள் செல்வராணி.

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தார்.

"சாம்பிள் சரியாத்தான் இருந்துச்சு. பேனல்தான் தப்பு."

"என் சாம்பிளா சார்?"

"ஆமாம்மா. உங்க சாம்பிள்தான்."

அன்றுவரை அவளை அவர் 'நீ' என்றுதான் பேசியிருந்தார். அவள் பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். யாருக்கும் நன்றி சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? அரை மணியில் டப்பாவைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு வந்து என் மேஜையில், பொசுங்கிய வட்டத்தின் மேல் வைத்தாள்.

"தொட்டுப் பாருங்க சார்."

தொட்டேன், விரல் சுட்டது. டைட்ரேஷன் போட்டதில் எண்பது வந்தது.

லேபில் சேருகிற பிள்ளைகளே, தெரியாதது இரண்டு இருக்கும்போது சமன்பாடும் இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் எந்தப் பொய்யும் அதில் பொருந்தும், டேலியும் ஆகும். எங்கள் ஆலையில் அந்த இரண்டாவது சமன்பாடு தினமும் படி ஏறி இறங்கி, சுடச்சுட ஒரு டப்பாவில் வந்துகொண்டிருந்தது. அதைக் கொண்டு வந்தவளைத்தான் கேட்டுக்கு வெளியே தள்ளினார்கள். விடை உங்களுக்குப் பிடிக்காதபோது, கொண்டு வந்தவரை முறைக்காதீர்கள். வாங்கி, இரண்டாவது சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்.